பத்துத் தோட்டா மேகசினைக் கழற்றி மாட்டுவது: ரூகர் 10/22 வைத்திருப்பவர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

ரூகர் 10/22 ரைஃபிளில் ஏழு தோட்டா ஒழுங்காகப் போகும். எட்டாவது தோட்டா, சேம்பரின் (குழலின் பின்முனையில் தோட்டா உட்காரும் அறை) வாயில் மூக்கு முட்டி நிற்கும். சுட்டுப் பழகும் ரேஞ்சில் பக்கத்து மேசைக்காரர் எட்டிப் பார்த்து, "போல்ட்டை மாற்றுங்கள்" என்பார். தோட்டாவைச் சேம்பருக்குள் தள்ளும் பாகம் அது. இன்னொருவர் "அந்தத் தோட்டா சரியில்லை" என்பார். தோட்டாக்களை நிரப்பி வைக்கும் மேகசினைக் கையில் எடுத்துப் பார்ப்பவர் குறைவு. நான் டெக்சாஸில் பல வருடமாக இந்த ரைஃபிளோடு பழகுகிறேன். என் அனுபவத்தில் இப்படி நிற்பதற்குப் பெரும்பாலும் இரண்டே காரணம்தான்: உள்ளே ஏறிய பிசுக்கு, அல்லது உள்ளே இருக்கும் ஸ்பிரிங்கின் முறுக்கு குறைந்தோ கூடியோ இருப்பது. கழுவியதைக் காயவைக்கும் நேரம் போக, இரண்டையும் வீட்டு மேசையில் அரை மணி நேரத்தில் சரிசெய்யலாம். புதுப் பாகம் எதுவும் வாங்க வேண்டியதில்லை.

ஆனால் அந்த அரை மணி நேரத்தில் ஒரு இடத்தில் கவனம் தப்பினால் மேகசின் முன்பு இருந்ததைவிட மோசமாகிவிடும். எனக்கு அது நடந்திருக்கிறது. எப்படி என்று கீழே அந்த இடம் வரும்போது சொல்கிறேன்.

இந்த மேகசின் ஏன் இப்படி இருக்கிறது

.22 லாங் ரைஃபிள் தோட்டா 1887லிருந்து இருக்கிறது. அதன் அடியில் உடம்பைவிட அகலமான ஒரு விளிம்பு உண்டு. உடம்பு 5.7 மில்லிமீட்டர், விளிம்பு 7 மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் மேல். தீப்பற்றும் மருந்து அந்த விளிம்பின் மடிப்புக்குள்தான் இருக்கிறது. ரைஃபிளின் ஊசி விளிம்பில் அடித்தால்தான் வெடிக்கும். ரிம்ஃபயர் என்ற பெயரே அதனால் வந்தது.

மேகசினுக்குள் தொல்லை கொடுப்பதும் அதே விளிம்புதான். பெட்டி மாதிரியான மேகசினில் தோட்டாக்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி நிற்கும். மேலே இருப்பதன் விளிம்பு கீழே இருப்பதன் விளிம்புக்கு முன்னால் இருக்க வேண்டும். மாறிப் பின்னால் மாட்டிக்கொண்டால், போல்ட் தள்ளும்போது மேல் தோட்டா கீழ்த் தோட்டாவின் விளிம்பைக் கொக்கி போட்டு இழுக்கும். இரண்டும் நகராது.

1964ல் ரூகர் நிறுவனம் 10/22ஐக் கொண்டுவந்தபோது இதற்கு ஒரு அழகான வழி வைத்திருந்தார்கள். உள்ளே ஒரு ரோட்டர், அதாவது சுழலும் உருளை. அதில் தோட்டா உட்கார நீளவாக்கில் பள்ளங்கள். ஒவ்வொரு தோட்டாவும் தனக்கென்று ஒரு பள்ளத்தில் படுத்துக்கொள்வதால் ஒன்றின் விளிம்பு இன்னொன்றோடு மாட்டிக்கொள்ள வழியே இல்லை. சுழல் மேகசின் அவர்கள் புதிதாகக் கண்டுபிடித்தது அல்ல. ஆர்தர் சாவேஜ் வடிவமைத்த சாவேஜ் ரைஃபிள்களில் 19ஆம் நூற்றாண்டின் கடைசியிலேயே அது இருந்தது. அதை உள்ளங்கைக்குள் அடங்கும் அளவுக்குச் சுருக்கி, ரைஃபிளின் அடியில் துருத்தாமல் உட்கார வைத்ததுதான் 10/22இன் சாதனை. இன்று அந்தப் பத்துத் தோட்டா மேகசினுக்கு பிஎக்ஸ்-1 என்று பெயர். அதே நிறுவனத்தின் 77/22, அமெரிக்கன் ரிம்ஃபயர் ரைஃபிள்களும் இதையே எடுத்துக்கொள்ளும். அதனால் இங்கே சொல்வது அந்த ரைஃபிள்கள் வைத்திருப்பவர்களுக்கும் பொருந்தும்.

உள்ளே இருக்கும் பாகங்கள் அதிகமில்லை. பிளாஸ்டிக் உடல், பிளாஸ்டிக் மூடி, ரோட்டர், ரோட்டரின் வயிற்றுக்குள் ஒரு சுருள் ஸ்பிரிங், நடுவே முழு நீளத்துக்கும் போகும் ஒரு ஸ்க்ரூ, அதன் மறுமுனையில் மூடியின் அறுகோணக் குழிக்குள் உட்காரும் ஒரு நட்டு, அப்புறம் மேலே எஃகில் செய்த வாய். அந்த எஃகு வாயின் இரண்டு உதடுகள்தான் மேல் தோட்டாவைப் பிடித்துவைத்து, சரியான கோணத்தில் சேம்பருக்குள் அனுப்புகின்றன. எந்த மேகசினிலும் உயிர்நாடி அந்த உதடுதான். இங்கே அது பிளாஸ்டிக்காக இல்லாமல் எஃகாக இருப்பது பெரிய நிம்மதி.

ஸ்பிரிங்கைக் கொஞ்சம் நன்றாகப் புரிந்துகொள்ளுங்கள். இது அழுத்தினால் சுருங்கி விட்டால் நீளும் ஸ்பிரிங் அல்ல. முறுக்கினால் திரும்பச் சுழலப் பார்க்கும் வகை. ஒரு முனை ரோட்டரைப் பிடித்திருக்கும், மறுமுனை நட்டைப் பிடித்திருக்கும். நட்டு அறுகோணக் குழிக்குள் உட்கார்ந்துவிட்டால் அசையாது. அதனால் ஸ்பிரிங்கின் முழு வேகமும் ரோட்டரைச் சுழற்றவே போகும். நட்டின் ஆறு பக்கங்களில் ஒவ்வொன்றையும் பட்டை என்கிறேன். நட்டைக் குழிக்குள் உட்காரவைப்பதற்கு முன் எத்தனை பட்டை திருப்பினோம் என்பதுதான் முறுக்கு. இந்த வழிகாட்டியின் சாரமே அந்த எண்தான்.

தொடங்கும் முன்

ரைஃபிளை மேசைக்கே கொண்டுவர வேண்டாம். மேகசின் மட்டும் போதும். ரைஃபிளிலிருந்து மேகசினை எடுக்கும்போதே ரைஃபிள் காலியாக இருக்கிறதா என்று உறுதி செய்யுங்கள். குழல் ஆளில்லாத பாதுகாப்பான திசையில், விரல் விசையில் படாமல், மேகசினை வெளியே எடுத்து, போல்ட்டை முழுக்க இழுத்து, சேம்பரைக் கண்ணாலும் சுண்டுவிரலாலும் பாருங்கள். 10/22இல் கடைசித் தோட்டா தீர்ந்ததும் போல்ட் தானாகத் திறந்து நிற்காது. கையால் பூட்டினால்தான் நிற்கும். "போல்ட் மூடியிருக்கிறது, மேகசினும் வெளியே வந்துவிட்டது, ஆகவே காலி" என்ற கணக்கு இந்த ரைஃபிளில் செல்லாது. மேகசின் வெளியே இருந்தாலும் சேம்பரில் ஒன்று இருக்கலாம்.

மேகசினில் மிச்சம் இருக்கும் தோட்டாக்களையும் எடுத்துவிடுங்கள். வேலை நடக்கும் அறையில் உயிருள்ள தோட்டா ஒன்றுகூட இருக்கக் கூடாது. சோதிப்பதற்கு .22 அளவில், மருந்து இல்லாத பிளாஸ்டிக் டம்மி தோட்டா ஒரு பெட்டி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பார்த்தவுடன் தெரிகிற நிறத்தில் இருப்பது நல்லது.

அடுத்தது ஈயம். .22 தோட்டாவின் குண்டு ஈயம். விளிம்புக்குள் இருக்கும் தீமருந்திலும் பெரும்பாலும் ஈயச் சேர்மம் உண்டு. மேகசினுக்குள் படிந்திருக்கும் கருப்புப் பிசுக்கில் இரண்டும் கலந்திருக்கும். அதனால் சமையலறை மேடையிலோ பாத்திரம் கழுவும் தொட்டியிலோ இந்த வேலையைச் செய்யாதீர்கள். கையுறை போடுங்கள். வேலை முடிந்ததும் குளிர்ந்த தண்ணீரும் சோப்பும் போட்டுக் கையைக் கழுவுங்கள். பக்கத்தில் காபி டம்ளர் வேண்டாம். வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் துடைத்த துணியையும் தனிப் பையில் கட்டிப் போட்டுவிடுங்கள். எத்தனை தடவை சொன்னாலும் தகும் என்று நான் நினைக்கும் விஷயம் இது.

சட்டத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. இங்கே சொல்வது எல்லாம் மேகசினை அது தொழிற்சாலையிலிருந்து வந்த நிலைக்குத் திருப்பிக் கொண்டுவரும் வேலை. கொள்ளளவைக் கூட்டும் வேலையை நான் தொடுவதில்லை. அமெரிக்காவிலேயே கலிபோர்னியா, நியூயார்க் போன்ற மாநிலங்களில் பத்துக்கு மேல் கொள்ளும் மேகசின்களுக்குச் சட்டத் தடை உண்டு. நீங்கள் இருக்கும் இடத்துச் சட்டத்தைத் தெரிந்துகொண்டு தொடங்குங்கள். இந்தியாவில் ரைஃபிள் கிளப்பில் சுடுபவர்களுக்கு இந்தப் பிரச்சினையே வராது. ஐஎஸ்எஸ்எஃப் (சர்வதேசத் துப்பாக்கிச் சுடுதல் கூட்டமைப்பு) விதிப்படி நடக்கும் 50 மீட்டர் ரைஃபிள் போட்டிகளில் ஒவ்வொரு தோட்டாவையும் கையால்தான் போட வேண்டும். பனிச்சறுக்கும் சுடுதலும் சேர்ந்த பயத்லான் போட்டியில் .22 ரைஃபிளுக்கு ஐந்து தோட்டா மேகசின் உண்டு.

முதலில் நோயைக் கண்டுபிடியுங்கள்

எடுத்தவுடன் கழற்றாதீர்கள். எத்தனை மேகசின் இருக்கிறதோ அத்தனைக்கும் பெயிண்ட் பேனாவால் அடியில் எண் போடுங்கள். அடுத்த தடவை ரேஞ்சுக்குப் போகும்போது ஒரு சின்ன நோட்டில் எழுதிக்கொண்டே வாருங்கள்: எந்த மேகசின், எத்தனையாவது தோட்டா, எப்படி நின்றது. எல்லா மேகசினிலும் ஒரே மாதிரி நின்றால் கோளாறு ரைஃபிளில் இருக்கலாம். சேம்பர் அழுக்காக இருக்கலாம், சுட்ட உறையைப் பிடித்து இழுக்கும் எக்ஸ்ட்ராக்டர் மழுங்கியிருக்கலாம், தோட்டா அந்த ரைஃபிளுக்கு ஒத்துவராமல் இருக்கலாம். மூன்றாம் எண் மேகசின் மட்டும் நிற்கிறது, மற்றவை ஓடுகின்றன என்றால் மேகசின்தான்.

எப்படி நிற்கிறது என்பதும் பேசும். முதல் ஐந்தாறு நன்றாகப் போய்க் கடைசி இரண்டு மூன்று மந்தமாக மேலே ஏறினால், அல்லது போல்ட் தோட்டாவைப் பிடிக்காமல் அதன் மேலேயே தாண்டிப் போனால், ரோட்டருக்கு வேகம் போதவில்லை. ஸ்பிரிங் முழுக்க முறுக்கேறி இருப்பது மேகசின் நிறைந்திருக்கும்போது. காலியாகக் காலியாக முறுக்கு தளரும். அதனால் பலவீனம் எப்போதும் கடைசித் தோட்டாக்களில்தான் தெரியும். இதற்கு நேர்மாறாக, முதல் தோட்டாவிலேயே போல்ட் திணறி, குண்டின் ஈயத்தில் ஆழமான கோடு விழுந்து, பத்தாவது தோட்டாவை உள்ளே தள்ளவே கட்டைவிரல் வலித்தால், முறுக்கு அதிகம் என்று பொருள். முறுக்கு கூடினால் நல்லது என்று நினைப்பவர்கள் உண்டு. 10/22இன் போல்ட்டுக்குப் பின்னால் பெரிய சக்தி எதுவும் கிடையாது. தோட்டா உறை பின்னால் உதைக்கும் உதையிலேயே அது திறந்து, தன் ஸ்பிரிங்கால் மூடுகிறது. மேல் தோட்டா உதட்டில் இறுக்கமாக அழுந்தியிருந்தால் அதை உரித்து எடுப்பதிலேயே போல்ட்டின் வேகம் தீர்ந்துவிடும்.

எந்த ஒழுங்கும் இல்லாமல், ஒருமுறை இரண்டாவது, ஒருமுறை ஏழாவது என்று நின்றால் பெரும்பாலும் பிசுக்கு. .22 தோட்டாவின் குண்டு பெரும்பாலும் வெளியே மெழுகோ எண்ணெயோ பூசி வருகிறது. ஒவ்வொரு முறை திணிக்கும்போதும் அதில் கொஞ்சம் உள்ளே தங்கும். அதோடு மருந்துக்கரி சேரும். டெக்சாஸ் வெயிலில் காரின் பின்பெட்டிக்குள் ஒரு நாள் கிடந்தால் அந்த மெழுகு இளகி, ரோட்டரின் இரண்டு முனைகளிலும் பசை மாதிரி பிடித்துக்கொள்கிறது.

நிற்பதை விட்டுவிட்டு, சத்தம் வழக்கத்துக்கு மாறாகப் "புஸ்" என்று வந்தால் அது வேறு ஆபத்து. உடனே நிறுத்தி, காலி செய்து, குழலுக்குள் குண்டு சிக்கியிருக்கிறதா என்று பாருங்கள். அதற்கும் மேகசினுக்கும் தொடர்பில்லை, ஆனாலும் அடுத்த தோட்டா மட்டும் போகக் கூடாது.

கழற்றுவது

வெளிர் நிறத் துணி ஒன்றை மேசையில் விரியுங்கள். ஸ்பிரிங் துள்ளி விழுந்தாலும் கண்ணுக்குத் தெரியும். மேகசினின் ஒரு முகத்தில் ஸ்க்ரூவின் தலை, எதிர் முகத்தில் அறுகோணக் குழிக்குள் நட்டு. ஸ்க்ரூ பழைய மேகசின்களில் சாதாரண வெட்டுத் தலை, பின்னால் வந்தவற்றில் ஆலன் கீ போடும் தலை. எதுவானாலும் ஆட்டமில்லாமல் முழுசாகப் பொருந்தும் கருவியை எடுங்கள். பழைய மேகசினுக்கும் புதியதற்கும் சின்னச் சின்ன வித்தியாசம் இருப்பதால் ஒவ்வொரு கட்டத்திலும் கைபேசியில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

1. நட்டின் ஒரு பட்டையிலும் அதற்கு நேராக மூடியிலும் பெயிண்ட் பேனாவால் ஒரு புள்ளி வையுங்கள். இதை விட்டுவிடாதீர்கள்.

2. ஸ்க்ரூவை மூன்று நான்கு சுற்று மட்டும் தளர்த்துங்கள். முழுசாகக் கழற்றக் கூடாது. நட்டு ஸ்க்ரூவைப் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும்.

3. இப்போது ஒரு கையின் இரண்டு விரலால் நட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, மறு கையின் கட்டைவிரலால் ஸ்க்ரூவின் தலையை உள்ளே அழுத்துங்கள். நட்டு குழியிலிருந்து மெல்ல வெளியே வரும். வெளியே வந்த நொடியில் அது சுழலப் பார்க்கும். விட்டுவிடாதீர்கள். ஒவ்வொரு பட்டையாகச் சுழலவிட்டு, இழுப்பு அடங்கும்வரை எண்ணுங்கள். எண்ணை நோட்டில் மேகசின் எண்ணுக்கு எதிரே எழுதுங்கள். எந்தப் பக்கம் சுழன்றது என்பதையும் எழுதுங்கள்.

4. ஸ்க்ரூவை முழுக்கக் கழற்றுங்கள். நட்டும் ஸ்பிரிங்கும் வரும். மூடியைத் தூக்குங்கள். ரோட்டர் எந்த முகம் மேலாக, எந்தப் பள்ளம் வாயை நோக்கி இருக்கிறது என்று படம் எடுத்துவிட்டு வெளியே எடுங்கள். கடைசியில் எஃகு வாய் வரும்.

மூன்றாவது படியைத்தான் முன்பே சொன்னேன். முதல் தடவை நான் செய்தபோது நட்டை விரலால் பிடிக்கவில்லை. "டர்ர்" என்று ஒரு சத்தம், அவ்வளவுதான், முறுக்கு முழுக்க அவிழ்ந்துவிட்டது. எத்தனை பட்டை இருந்தது என்று தெரியாது. குத்துமதிப்பாக முறுக்கி மூடினேன். அதற்குப் பிறகு இரண்டு வாரம், நன்றாக ஓடிக்கொண்டிருந்த அந்த மேகசின் ஒவ்வொரு முறையும் கடைசி இரண்டு தோட்டாவில் நின்றது. நான் ரைஃபிளின் சேம்பரைத் தேய்த்துத் தேய்த்துச் சுத்தம் செய்துகொண்டிருந்தேன்.

சுத்தம் செய்வது

இதில் பெரிய வித்தை எதுவும் இல்லை. வெதுவெதுப்பான தண்ணீர், பாத்திரம் தேய்க்கும் சோப்பு இரண்டு சொட்டு, இந்த வேலைக்கென்றே ஒதுக்கிய பழைய டூத் பிரஷ். பிளாஸ்டிக் பாகங்களை அப்படியே ஊறவைத்துத் தேய்க்கலாம். அசிடோன் பக்கமே போகாதீர்கள், கார் பிரேக் கழுவும் ஸ்பிரேயும் வேண்டாம். சிலவகைப் பிளாஸ்டிக்கை அவை வெளிறவும் விரிசல் விடவும் வைக்கும். எஃகு வாயையும் ஸ்பிரிங்கையும் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் துடைத்தால் மெழுகு இளகி வந்துவிடும்.

கவனமாகப் பார்க்க வேண்டிய இடங்கள்: ரோட்டரின் இரண்டு முனைகளும் அவை உட்காரும் குழிகளும், பள்ளங்களின் அடிமூலை, எஃகு வாயின் உட்பக்கம். பல்குத்தும் குச்சி இதற்கு நல்ல கருவி, மரம் என்பதால் கீறாது.

எல்லாவற்றையும் நன்றாகக் காயவையுங்கள். ராத்திரி கழுவிவிட்டுக் காலையில் மாட்டுவது என் வழக்கம். ஸ்பிரிங்கின் சுருளுக்குள் தங்கும் ஈரம் துருவாக மாறும்.

எண்ணெய் போடலாமா என்ற கேள்வி எப்போதும் வரும். உள்ளே போடக் கூடாது. எண்ணெய் முதல் நாள் வழுவழுப்பாக இருக்கும். பத்தாவது நாள் கரியையும் மெழுகையும் பிடித்துவைத்து, நீங்கள் இப்போது கழுவிய அதே பிசுக்காக நிற்கும். எஃகு வாயின் வெளிப்பக்கத்தை மட்டும், எண்ணெய் தொட்ட துணியால் ஒருமுறை துடைத்து, காய்ந்த துணியால் மறுபடி துடைத்துவிடலாம். துருவைத் தடுக்க அது போதும். ரோட்டர் முனைகளில் உலர் கிராஃபைட் பொடி தடவுபவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அது தேவைப்பட்டதில்லை. சுத்தமான பிளாஸ்டிக்கில் சுத்தமான பிளாஸ்டிக் நன்றாகவே சுழலும்.

எஃகு வாயைத் தொடுவதா

இங்கேதான் கையை அடக்க வேண்டும். குண்டின் ஒரே பக்கத்தில் எப்போதும் ஒரே கோடு விழுகிறது என்றால் வாயின் விளிம்பில் எங்கேயோ பிசிறு இருக்கிறது. பஞ்சை மெல்ல இழுத்துப் பாருங்கள், நூல் மாட்டும் இடம்தான் பிசிறு. 1000க்கு மேல் எண் உள்ள மென்மையான எமரித் தாளை ஒரு குச்சியில் சுற்றி, அந்த ஒரு இடத்தில் மட்டும் நாலைந்து தடவை தேய்த்து, மறுபடி பஞ்சால் பாருங்கள். பஞ்சு மாட்டவில்லை என்றால் நிறுத்திவிடுங்கள்.

உதடுகளை வளைக்காதீர்கள், அரத்தால் தொடாதீர்கள், சுழலும் மின்கருவியைக் கிட்டே கொண்டுபோகாதீர்கள். தோட்டா எந்த இடத்தில் உதட்டை விட்டு விடுபடுகிறது, எந்தக் கோணத்தில் மூக்கைத் தூக்குகிறது என்பதை அந்த உதட்டின் உயரமும் அகலமும்தான் தீர்மானிக்கின்றன. ஒருபக்க உதடு கொஞ்சம் தேய்ந்தாலே தோட்டா சீக்கிரம் துள்ளிவிடும், கோணலாகச் சேம்பரில் முட்டும். .22 தோட்டாவின் பித்தளை உறை மெலிசு. முழுசாகச் சேம்பருக்குள் உட்காராத நிலையில் வெடித்தால் உறை கிழிந்து சூடான வாயுவும் பித்தளைத் துணுக்கும் முகத்தை நோக்கி வரும். கண்ணாடி போடாமல் யாரும் இந்த ரைஃபிளைச் சுடக் கூடாது என்பதற்கு அது ஒன்றே போதும். உதடு வளைந்த மேகசினை நிமிர்த்திப் பயன்படுத்துவதைவிடப் புது மேகசின் வாங்குவதுதான் முறை. 20 டாலர் சுற்றில் கிடைக்கும் பொருள் அது.

மாட்டுவது

எடுத்த படங்களைப் பின்னிருந்து முன்னாகப் பாருங்கள். எஃகு வாய் அதன் இடத்தில், அப்புறம் ரோட்டர், எடுத்தபோது இருந்த அதே முகமாக. ஸ்க்ரூவைச் செருகி, ஸ்பிரிங்கை அதன்மேல் இறக்கி, அதன் முனையை ரோட்டரில் உள்ள துளையில் உட்காரவையுங்கள். மூடியைப் போட்டு, விரலால் நான்கு பக்கமும் அழுத்தி இடைவெளி இல்லாமல் உட்கார்ந்ததா என்று பாருங்கள். நட்டை ஸ்பிரிங்கின் மறுமுனையோடு மாட்டி, ஸ்க்ரூவில் இரண்டு மூன்று இழை மட்டும் பிடிக்கும்படி திருகுங்கள். நட்டு குழிக்கு வெளியே நிற்க வேண்டும்.

இனி முறுக்கு. கழற்றும்போது சுழன்ற திசைக்கு எதிர்த்திசையில் நட்டை விரலால் திருப்புங்கள். முதலில் இழுப்பே இருக்காது. அப்புறம் ரோட்டர் தன் தடுப்பில் போய் முட்டி நிற்கும், நட்டில் இழுப்பு தெரியத் தொடங்கும். அதுதான் பூஜ்யம். அங்கிருந்து ஒவ்வொரு பட்டையாக எண்ணுங்கள். நோட்டில் எழுதிய எண் இருந்தால், அந்த மேகசின் முன்பு நன்றாக ஓடியதென்றால், அதே எண்ணில் நிறுத்துங்கள். எண் இல்லையென்றால் ஒரு முழுச் சுற்றுக்கு மேல் ஒன்றோ இரண்டோ பட்டை, அதாவது ஏழு அல்லது எட்டு, என்பது நான் தொடங்கும் இடம். பிறகு மேகசின் சொல்வதைக் கேட்டு ஒரு பட்டை கூட்டவோ குறைக்கவோ செய்வேன். ஒரே தடவையில் இரண்டு பட்டை மாற்றியதில்லை.

எண்ணி முடித்ததும் நட்டைக் குழிக்கு நேராகக் கொண்டுவந்து உள்ளே அழுத்துங்கள். கட்டைவிரலை எடுக்காமலே மறு கையால் ஸ்க்ரூவை இறுக்குங்கள். ஸ்க்ரூ நின்ற இடத்தில் நிறுத்திவிட வேண்டும். இன்னும் ஒரு கால் சுற்று என்று ஆசைப்பட்டால் பிளாஸ்டிக் விரியும், அல்லது மூடி ரோட்டரை நெரித்து, எவ்வளவு முறுக்கு இருந்தாலும் சுழலாமல் போகும். மாட்டிய பிறகு ரோட்டர் சோம்பலாக இருந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது இந்த இறுக்கத்தைத்தான். ஸ்க்ரூவைக் கொஞ்சமே கொஞ்சம், நட்டு குழியை விட்டு வராத அளவுக்கு, தளர்த்திப் பாருங்கள். ரோட்டர் சுறுசுறுப்பாகிவிட்டால் காரணம் தெரிந்துவிட்டது.

மேசையிலேயே சோதிப்பது

காலி மேகசினின் ரோட்டரை விரலால் உள்ளே அழுத்தி விடுங்கள். அது "டக்" என்று திரும்பி வர வேண்டும். நழுவி நழுவி வந்தால் எங்கேயோ உரசுகிறது. அடுத்து டம்மி தோட்டா பத்தையும் ஒவ்வொன்றாகப் போடுங்கள். பத்தாவதற்குக் கொஞ்சம் அழுத்தம் தேவைப்படலாம், வலி வரக் கூடாது. பிறகு கட்டைவிரல் நகத்தால் ஒவ்வொன்றாக முன்னே தள்ளி எடுங்கள். ஒவ்வொரு தோட்டா போனதும் அடுத்தது அதே உயரத்தில், அதே கோணத்தில், தயங்காமல் வந்து நிற்க வேண்டும். ஒன்பதாவதையும் பத்தாவதையும் இரண்டு மூன்று தடவை பாருங்கள். முதல் ஐந்து எப்போதும் நன்றாகத்தான் வரும்.

உள்ளே நடப்பதைக் கண்ணால் பார்க்க ஆசைப்படுபவர்களுக்கு ஒரு வழி இருக்கிறது. பிஎக்ஸ்-1 கண்ணாடி மாதிரி தெளிந்த பிளாஸ்டிக்கிலும் விற்கிறது. அப்படி ஒன்றை வாங்கி, டம்மி போட்டு எடுத்துப் பார்த்தால், ரோட்டர் எங்கே தொடங்கி எங்கே நிற்கிறது என்பது ஐந்து நிமிடத்தில் புரியும். எனக்கு எந்த விளக்கத்தையும்விட அதுதான் உதவியது. புதிதாகத் தொடங்குபவருக்கு முதல் மேகசினாக அதையே கழற்றிப் பழகச் சொல்வேன்.

ரேஞ்சில்

உயிருள்ள தோட்டாவோடு சோதிக்கும் இடம் ரேஞ்ச் மட்டும்தான். முதல் தடவை இரண்டே இரண்டு தோட்டா போடுங்கள். அது போனால் ஐந்து, அப்புறம் பத்து. ஒரே வகைத் தோட்டாவாக ஐந்து முறை நிரப்பி, ஐம்பதும் நிற்காமல் போனால் அந்த மேகசின் எண்ணுக்கு எதிரே நோட்டில் ஒரு கோடு போடுங்கள். நடுவில் நின்றால், குழல் திசை மாறாமல், மேகசினை எடுத்து, போல்ட்டை இழுத்துச் சிக்கியதை எடுத்துவிட்டு, எத்தனையாவது தோட்டா என்று உடனே எழுதுங்கள். வீட்டுக்கு வந்து எழுதலாம் என்றால் ஏழா எட்டா என்று குழம்பும். கடைசிகளில் நின்றால் ஒரு பட்டை கூட்டுவது, முதலிலேயே திணறினால் ஒரு பட்டை குறைப்பது, இதை ரேஞ்சில் செய்யாமல் வீட்டில் நிதானமாகச் செய்யுங்கள். சின்ன ஸ்பிரிங் புல்லில் விழுந்தால் கிடைக்காது.

ப்ராஜெக்ட் ஆப்பிள்சீட் மாதிரியான அமெரிக்க ரைஃபிள் சுடும் பயிற்சிகளுக்கு 10/22ஐத் தூக்கிக்கொண்டு போகிறவர்கள் பலர். நேரக் கணக்கோடு சுடும்போது, நடுவில் மேகசினை மாற்றி மிச்சத்தைச் சுட வேண்டியிருக்கும். அங்கே மேகசின் உள்ளே சுலபமாகப் போவதும் சுலபமாக வெளியே வருவதும்கூடச் சோதிக்க வேண்டிய விஷயம். வெளியே வரத் தயங்கினால் மேகசினின் பக்கங்களையும் அது உட்காரும் குழியையும் துடைத்துப் பாருங்கள். எண் போட்ட பெயிண்ட் பக்கவாட்டில் வழிந்து காய்ந்திருந்தால் அதுவே பிடிக்கும். அதனால்தான் எண்ணை அடியில் போடச் சொன்னேன்.

எவ்வளவு நாளுக்கு ஒருமுறை கழற்ற வேண்டும் என்பது போடும் தோட்டாவைப் பொறுத்தது. மெழுகு அதிகமுள்ள தோட்டா போடுபவர் சீக்கிரம் கழற்ற வேண்டிவரும். ஓடிக்கொண்டிருக்கும் மேகசினை நான் வருடம் ஒருமுறை கழற்றுகிறேன். நடுவில் வாயையும் மேலே தெரியும் ரோட்டர் பகுதியையும் வெளியிலிருந்தே பிரஷால் தட்டிவிடுவதோடு சரி.

எதைச் செய்தும் திருந்தாத மேகசின்கள் இருக்கும். உடலில் மயிரிழை விரிசல், ரோட்டரின் பள்ள விளிம்பு உடைந்தது, உதடு வளைந்தது, இந்த மூன்றில் எது இருந்தாலும் அதோடு போராட வேண்டாம். ஸ்க்ரூ, நட்டு, ஸ்பிரிங் மூன்றையும் உதிரிக்கு எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். உடல் மீது சிவப்புப் பெயிண்டில் பெரிதாகக் குறுக்கே கோடு போட்டு, வாயை எடுத்துவிட்டுக் குப்பையில் போடுங்கள். முழுசாகப் போட்டால் யாராவது ஒருவர் எடுத்து, நன்றாகத்தானே இருக்கிறது என்று தன் ரைஃபிளில் மாட்டிவிடுவார்.